அடுப்பு சிரிக்கிறது

அடுப்பு சிரித்தால் வீட்டுக்கு விருந்தாளி வருவார்கள் என்பது பெருந்தேவி அம்மாளின் அசைக்க முடியாத நம்பிக்கை. விறகு நுனியில் தீ ‘உஸ்ஸ்’ என்று சீறிக்கொண்டு எரிந்தால் அதற்கு அடுப்பு சிரிக்கிறது என்று பெயர். உடனே ஒரு பிடி அரிசி கூடுதலாகக் களையச் சொல்லிவிடுவாள். பாதி நாள் யாராவது வந்து நிற்கவும் செய்வார்கள். ஸ்ரீரங்கத்தில் அது ஒன்றும் அதிசயமில்லை. ரங்கநாதரைச் சேவிக்க வருகிறவர்களுக்குக் கீழ உத்திர வீதியிலேயே சொந்தக்காரர் வீடு இருந்தால் ஓட்டலுக்கா போவார்கள்?

ஐம்பத்தெட்டாம் வருஷம் கார்த்திகையில் அந்த வீட்டு அடுப்பு சிரித்த சிரிப்பு வேறு தினுசு. பற்றவைத்ததும் ஊரையே விருந்துக்குக் கூப்பிடுவதுபோலச் சீறியது. நடுநடுவே பட்டென்று வெடித்துப் பொறி பறந்தது. விறகின் பின்நுனியில் கறுப்பாக ஏதோ நுரைத்து, சாணி போட்டு மெழுகிக் கோலமிட்ட தரையில் சொட்டியது. வாசல் வழியாக ஒரு விருந்தாளியும் வரவில்லை. அடுப்புக்குள்ளிருந்து ஒரு நாற்றம்தான் வந்தது. தாரும் பாச்சை உருண்டையும் சேர்ந்து கருகினால் எப்படி இருக்குமோ, அப்படி.

“ஏன்னா, இதைக் கொஞ்சம் வந்து பாருங்கோளேன்” என்று குமுதவல்லி கணவனைக் கூப்பிட்டாள். கல்யாணமாகி மாம்பலத்திலிருந்து இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. விறகடுப்பில் அவள் கை பழகியே அத்தனை நாள்தான்.

சௌரிராஜன் வந்தான். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் ஆபீசில் குமாஸ்தா. இயந்திரங்களுக்குப் பக்கத்துக் கட்டடத்தில் உட்கார்ந்து காகிதம் புரட்டுகிறவன்தான் என்றாலும், தன்னைப் பாதி என்ஜினீயராகவே நினைத்துக்கொண்டிருந்தான். அடுப்பின் முன் குனிந்தான், மூக்கை உறிஞ்சினான், நிமிர்ந்தான்.

“எனக்கு ஒரு நாத்தமும் தெரியலையே” என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. நாள் முழுக்கப் பொன்மலையில் எண்ணெய், புகை, தார் என்று எல்லாவற்றையும் உறிஞ்சிவிட்டு, அதே வாடையைச் சட்டையில் ஏற்றிக்கொண்டு ரயிலேறி வருகிற மூக்கு அது. அந்த வாடைக்கு அது எப்போதோ செத்துப்போயிருந்தது. உயிரோடிருக்கிற மூக்குகளை நம்பியிருக்கலாம். அதற்குத்தான் மனசு வரவில்லை.

காரணம், அந்த விறகு அவன் வாங்கிப் போட்டது.

பொன்மலையில் வீரமலை என்று ஒருவன் பழைய மரம் விற்றுவந்தான். ரயில் பாதையில் தண்டவாளத்துக்கு அடியில் கிடந்து, காலம் முடிந்ததும் பிடுங்கி ஏலம் விட்ட சிலிப்பர் கட்டைகளை எடுத்து, மேல் கறுப்பைச் சீவி, துண்டு போட்டு அடுக்கியிருந்தான். கட்டை இரும்பாட்டம் கனத்தது. ஈரம் என்பதே இல்லை. விலையும் பாதிதான். வண்டியில் ஏற்றும்போது வீரமலை ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

“வெந்நி அடுப்புக்குங்களா சாமி?”

“ஆமாம்” என்றான் சௌரிராஜன்.

சமையலுக்கு என்று சொன்னால் வீரமலை என்ன சொல்வான் என்பது அவனுக்கு லேசாகத் தெரியும். தெரிந்ததால்தான் ஆமாம் என்றான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், “வடக்கத்தி மரம்மா. காய்ஞ்சு கல்லாட்டம் இருக்கு. இந்தத் தெருவிலேயே யாராத்துலயும் இப்படி விறகு கிடையாது” என்று மார்தட்டினான். தெருவில் யார் வீட்டிலும் இல்லைதான். அந்த வரைக்கும் அவன் சொன்னது நிஜம்.

ஆகவே கோளாறு விறகில் இருக்க முடியாது. அப்படியானால் அடுப்பில் இருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். சாம்பல் அடைத்துக்கொண்டு காற்று ஏறவில்லை என்று அடிவரைக்கும் வாரினான். சீறல் நிற்கவில்லை. அடுப்புக்கு அடியில் எலி வளை இருக்கும், அது செத்து நாறுகிறது என்று சொல்லி, நன்றாக இருந்த அடுப்பைக் கடப்பாரையால் பெயர்த்தான். எலியும் இல்லை, வளையும் இல்லை. களிமண் குழைத்து, குமிழ் வைத்து, புதிதாகப் போட்டான். புது அடுப்பு பழையதைவிட நன்றாகச் சிரித்தது. பிறகு கூரையில் புகை போகிற கூண்டைத் துடைத்தான். துடைத்த கரியெல்லாம் குமுதவல்லி தலையில்தான் விழுந்தது.

மிச்சம் இருந்தது குமுதவல்லி ஒருத்திதான்.

“இவளுக்குப் பம்ப் ஸ்டவ்தான் தெரியும்மா” என்றான் சௌரிராஜன், அம்மாவும் எதிர்வீட்டுக் கோதை மாமியும் கேட்கும்படியாக. “விறகை எப்படி வைக்கணும், எப்போ இழுக்கணும், ஒண்ணும் தெரியாது. எல்லாத்தையும் ஒரேயடியா உள்ளே தள்ளிட்டு ஊதினா அடுப்பு சீறாம என்ன பண்ணும்? பட்டணத்துக் கை!”

கோதை மாமி சிரித்தாள். மாமிக்கு ஒன்று தெரிந்தால் அன்று சாயங்காலத்துக்குள் நாலு உத்திர வீதிக்கும் தெரிந்துவிடும். குமுதவல்லி ஊதுகுழலைத் தரையில் வைத்தாள். அவள் கண் சிவந்திருந்தது. புகையினால் என்று சௌரிராஜன் வைத்துக்கொண்டான்.

மார்கழி பிறந்ததும் விஷயம் வேறு பக்கம் திரும்பியது. அந்த வீட்டில் எதைச் சமைத்தாலும் முதலில் பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணிவிட்டுத்தான் மனிதர்கள் சாப்பிட வேண்டும். விடியலில் பெருமாளுக்கு வைத்த வெண்பொங்கலில் அந்த நாற்றம் தூக்கலாக வீசியது. பெருந்தேவி அம்மாள் தளிகைப் பாத்திரத்தை மூடிவிட்டு, மாட்டுப்பெண்ணை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அக்னி இப்படிக் கோச்சுக்கறார்னா சும்மா இல்லேடி. மடி, ஆசாரம்னு நாங்க சொல்றதெல்லாம் உனக்கு விளையாட்டா இருக்கு. எங்கேயோ நீ தப்புப் பண்றே.”

“நான் ஒரு தப்பும் பண்ணலைம்மா. ஸ்நானம் பண்ணிட்டு, மடிப்புடவை கட்டிண்டுதான்…”

“பின்னே நான் பண்றேனா?”

குமுதவல்லி திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவன் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப்போனான்.

தை மாதம் அவன் அப்பாவின் திவசம். அன்றைக்கு மாட்டுப்பெண்தான் தளிகை பண்ண வேண்டும் என்பது அந்த வீட்டில் தலைமுறையாக வந்த வழக்கம். கல்யாணத்துக்கு அப்புறம் வந்த முதல் திவசத்துக்குக் குமுதவல்லி காய்ச்சலில் படுத்திருந்தாள். இந்த வருஷத்துக்காகக் கார்த்திகையிலிருந்தே ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டிருந்தாள். பெருந்தேவி அம்மாள் இரண்டே பேச்சில் முடித்துவிட்டாள். திவசத்துக்குச் சமையல்காரர் சேஷாத்ரி ஐயங்கார் வந்து தளிகை பண்ணுவார். திவசம் ஆனதும் குமுதவல்லியின் அப்பா ராஜகோபாலன் வந்து பெண்ணை அழைத்துப்போக வேண்டியது.

“தளிகையும் ஆசாரமும் கத்துண்டு வரட்டும். எப்போ வரணும்கறதை நான் சொல்லி அனுப்பறேன்” என்றாள். சொல்லி அனுப்பாமலே போன கதைகளும் அந்தத் தெருவில் உண்டு. அது எல்லோருக்கும் தெரியும், குமுதவல்லிக்கும் தெரியும்.

வைகுண்ட ஏகாதசித் திருநாளுக்காகச் சௌரிராஜன் லீவு போட்டிருந்தான். வீட்டு நாற்றம் அந்த நாட்களில்தான் முதல்தடவையாக அவன் மூக்கிலும் ஏறியது. லீவு முழுக்கப் பொன்மலைக் காற்றுப் படாமல் துளசியும் சாம்பிராணியுமாக இருந்த மூக்கோடு, லீவு முடிந்த காலையில் பொன்மலை ஸ்டேஷனில் இறங்கினான். இறங்கியதும் நின்றுவிட்டான்.

எதிரே, பாதையில் போடுவதற்காகப் புதுச் சிலிப்பர் கட்டைகளை அடுக்கியிருந்தார்கள். உளுத்துப்போகாமல் இருக்கத் தார் எண்ணெயில் ஊறவைத்த கட்டைகள். காலை வெயிலில் பளபளவென்று மின்னின. அங்கேயிருந்து காற்றில் வந்தது அவன் வீட்டுச் சாத்துமது ரசத்தின் வாசனை. வெண்பொங்கலின் வாசனை. குமுதவல்லியின் தலைமயிரின் வாசனை.

மேலே சீவினால் என்ன? மரத்தின் உயிர்வரைக்கும் ஊறின எண்ணெய் எங்கே போகும்? சீறினதும் வெடித்ததும் கறுப்பாகச் சொட்டினதும் அதுதான். பாதி என்ஜினீயருக்கு இது தெரிய இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தச் சமயம் பார்த்து ஒரு பாசஞ்சர் வந்து நின்றது. அவன் கண்ணெதிரே, பெட்டியின் கக்கூஸ் குழாயிலிருந்து தண்ணீரும் மற்றதும் நேராகப் பாதையில் விழுந்தது. கீழே சிலிப்பர் கட்டை நனைந்தது. போன ரயிலும் அப்படித்தான் நனைத்திருக்கும். அதற்கு முந்தின ரயிலும், அதற்கு முந்தின வருஷங்களின் ரயில்களும். அந்தக் கட்டையை வெட்டிக் கொண்டுபோய், மடி அடுப்பில் வைத்து எரித்து, பெருமாளுக்குத் தளிகை பண்ணவைத்திருக்கிறான் கீழ உத்திர வீதி சௌரிராஜ ஐயங்கார். செய்யச் சொன்னவர் யாரும் இல்லை. பண்ணினவளை ஆசாரம் இல்லாதவள் என்று வேறு நிற்கவைத்தாகிவிட்டது.

பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தான். காது மடல்வரைக்கும் சுட்டது. தெரிந்தவர்கள் இரண்டு பேர் “என்ன சார், உடம்புக்கு முடியலையா?” என்று கேட்டுக்கொண்டு போனார்கள். அவர்கள் முகத்தைக்கூட அவனால் பார்க்க முடியவில்லை. எல்லோருக்கும் தெரிந்துவிட்டதுபோல இருந்தது.

அப்போதே வீட்டுக்குத் திரும்பி உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவன் போட்ட கணக்கு வேறு. விறகை ஓசைப்படாமல் மாற்றிவிட்டால் நாற்றம் போய்விடும், நாற்றம் போனால் குமுதவல்லியின் மேலுள்ள பழியும் தானாகப் போய்விடும், யாரும் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டாம். வெட்கப்பட்டவன் மூளை இப்படித்தான் கோணலாக வேலை செய்கிறது.

திவசத்துக்கு முந்தின நாள் அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், கொல்லைப்புறமாக ஒரு வண்டி வந்து பழைய விறகை ஏற்றிக்கொண்டு கொள்ளிடக்கரைச் செங்கல் காளவாய்க்குப் போயிற்று. அதே வண்டியில் வந்த நல்ல புளிய விறகு அதே இடத்தில் அதே மாதிரி அடுக்கப்பட்டது. குமுதவல்லி கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே பார்த்தாள்.

“அது கொஞ்சம் ஈரம். அதான் மாத்தினேன்” என்றான்.

“சரி” என்றாள். சாம்பலைத் தொட்டுப் பித்தளைச் சொம்பைத் தேய்ப்பதை அவள் நிறுத்தவில்லை.

மறுநாள் சேஷாத்ரி ஐயங்கார் வந்தார், அடுப்பைப் பற்றவைத்தார். அடுப்பு பூனைக்குட்டிபோல எரிந்தது. சீறல் இல்லை, வெடிப்பு இல்லை, நாற்றம் துளிக்கூட இல்லை. திவசத்துக்கு எழுந்தருளியிருந்த பெரியவர்கள் சாப்பிட்டு முடித்ததும், கேட்க வேண்டிய முறைப்படி “திருப்தியா?” என்று சௌரிராஜன் கைகூப்பிக் கேட்டான். பரம திருப்தி என்று பதில் வந்தது. பெருந்தேவி அம்மாள் கதவோரத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“பாத்தேளா கோதை? அதே அடுப்பு, அதே விறகு. ஆள் மாறினதும் அக்னி எப்படி அடங்கியிருக்கார் பாத்தேளா? நான் சொன்னப்போ யார் கேட்டா?”

“கண்ணால பாத்தாச்சே, இனிமே என்ன இருக்கு!” என்றாள் கோதை மாமி.

கூடத்து மூலையில், எதையும் தொடக்கூடாது என்று உட்காரவைக்கப்பட்டிருந்த குமுதவல்லி தலையைக் குனிந்துகொண்டாள். விறகை மாற்றிப் பழியைத் துடைக்கப்போனவன், அந்தப் பழிக்குச் சாட்சியே தயார் பண்ணிக் கொடுத்திருந்தான். சௌரிராஜனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. இருந்தும் அந்த நாக்கு அசையவில்லை.

அன்று மத்தியானம் அம்மா தனியாக இருந்தபோது சொல்லிவிட்டான். சிலிப்பர் கட்டை என்றான், தார் எண்ணெய் என்றான், ரயிலடியில் பார்த்ததையும் தட்டுத்தடுமாறிச் சொன்னான். பெருந்தேவி அம்மாள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். 

“பெருமாள் அமுது செஞ்சாரேடா அதை…” என்றாள் கடைசியில். அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள். “பரிகாரம் என்னவோ அதை நான் பாத்துக்கறேன். நீ யார்கிட்டயும் மூச்சு விடாதே. வெளியில தெரிஞ்சா நம்மாத்துல ஒரு வாய் தீர்த்தம் வாங்கிப்பாளா எவராவது?”

“குமுதம்?”

“அவ எப்படியும் போறா. போறவ போயிட்டு வரட்டும். நடந்தது நடந்ததாவே இருந்துட்டுப் போகட்டும். பொம்மனாட்டிக்குக் கை சரியில்லேன்னா நாலு நாள் பேசுவா, விட்டுடுவா. நீ ஆம்பளை, நாளைக்கும் இந்தத் தெருவுல நடக்கணும்.”

சௌரிராஜன் தலையாட்டினான். ஆட்டும்போது நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினதுபோலச் சுகமாக இருந்தது. விறகு வாங்கினதுக்கும், பொய் சொன்னதுக்கும், மனைவியை நாலு பேர் முன்னால் இளக்காரம் பண்ணினதுக்கும் அவன் பின்னால் வெட்கப்பட்டான். ஆனால் அந்த ஒரு நொடிச் சுகத்தை நினைத்தால்தான் அவனுக்கு உடம்பே கூசியது.

ராஜகோபாலன் வந்தார். பெண்ணைப் பற்றி என்னவெல்லாம் சொல்லக் கேட்டாரோ, சம்பந்தி அம்மாளின் முன்னால் குற்றவாளிபோல மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். “குழந்தை தெரியாமப் பண்ணியிருப்பா. பெரியவா மன்னிக்கணும்” என்றார். சௌரிராஜன் அவருக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தான். அவர் அதற்கும் கூச்சப்பட்டுக்கொண்டு வாங்கிக்கொண்டார்.

வாசலில் ஜட்கா காத்திருந்தது. பெட்டியை எடுக்க வந்த சௌரிராஜனிடம் குமுதவல்லி கையை நீட்டினாள். அவன் உள்ளங்கையில் கனமாக ஒன்று விழுந்தது. தீயில் வெந்து கறுத்த இரும்பு ஆணி, ஒரு சாண் நீளம். தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்துவைக்கிற ஆணி. பொன்மலையில் வேலை செய்கிறவனுக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

“மார்கழியிலேயே சாம்பல் சலிக்கறச்சே கிடைச்சுது” என்றாள். குரலில் கோபம் இல்லை. “என்னதுன்னு அப்பவே புரிஞ்சுது. போற வர ரயிலெல்லாம் பாத்துண்டுதானே நானும் மாம்பலத்துல வளர்ந்தேன்.”

“அப்போ ஏன் சொல்லலை?”

“நான் சொன்னா உங்களைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். நீங்களே சொல்லுவேள்னு பாத்துண்டிருந்தேன். விறகு மாத்தின அன்னிக்குச் சொல்லுவேள்னு நினைச்சேன். திவசத்தன்னிக்குச் சொல்லுவேள்னு நினைச்சேன்.” புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். “போயிட்டு வரேன்னு சொல்லத் தெரியலை. ஒண்ணு சொல்றேன். அடுப்பு சிரிச்சா, நான் வரேன்னு நினைச்சுண்டு வாசலுக்கு வந்து நிக்காதேங்கோ.”

ஜட்கா கிளம்பியது. தெருவில் நாலைந்து பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சௌரிராஜன் ஆணியை வேட்டி மடிப்பில் ஒளித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டான்.

அப்புறம் சில நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஆபீசுக்குப் போனான், வந்தான், அம்மா பண்ணிப்போட்டதைச் சாப்பிட்டான். பெருந்தேவி அம்மாள் விரதம் இருந்து, கோயிலில் தனக்குத் தெரிந்த பிராயச்சித்தமெல்லாம் பண்ணிவிட்டு வந்தாள். வீட்டில் நல்ல வாசனை வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் சாப்பிட உட்கார்ந்திருந்தான். கோதை மாமி பாலுக்கு உறைமோர் வாங்கிப்போக வந்து, நிலைப்படியில் சாய்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தாள். பெருந்தேவி அம்மாள் அடுப்பில் புதுக் கட்டை ஒன்றைத் தள்ளினாள். அதில் கொஞ்சம் பச்சை இருந்திருக்கும். நுனியில் தீ ‘உஸ்ஸ்’ என்று சீறியது.

“அடுப்பு சிரிக்கிறதே பெருந்தேவி!” என்றாள் கோதை மாமி. “யார் வரப்போறா?”

சௌரிராஜனுக்குக் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது.

“யாரும் வரமாட்டா மாமி” என்றான்.

“என்னது?”

“யாரும் வரமாட்டான்னேன். வர வேண்டியவளை நான் அனுப்பிட்டேன்.”

“சௌரி!” என்றாள் அம்மா.

அவன் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. “கார்த்திகையிலேர்ந்து இந்த அடுப்புல எரிஞ்சது சிலிப்பர் கட்டை மாமி. ரயில் பாதையில கிடந்தது. ரயில்லேர்ந்து என்னென்ன விழுமோ அத்தனையும் விழுந்த கட்டை. நான்தான் வாங்கிண்டு வந்தேன். வெந்நிக்கான்னு கேட்டான், ஆமான்னு பொய் சொன்னேன். நாத்தம் கட்டையோடது. திவசத்துக்கு முந்தின நாள் விறகை மாத்தினதும் நான்தான். குமுதத்தோட கையில ஒரு குத்தமும் இல்லே.”

அன்றிலிருந்து இடுப்பிலேயே செருகி வைத்திருந்த ஆணியை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தான். ணங்கென்று சத்தம் கேட்டது. மாமி அதையே பார்த்தாள். மார்கழியில் இந்த வீட்டுப் பொங்கலை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டது அவளுக்கு இப்போதுதான் நினைவு வந்திருக்க வேண்டும். கை தன்னையறியாமல் வயிற்றுக்குப் போயிற்று.

“ரங்கா… ரங்கா…” என்றாள். உறைமோர் வாங்கக் கொண்டுவந்த கிண்ணத்தை அங்கேயே விட்டுவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வாசலுக்கு ஓடினாள். எங்கே ஓடுகிறாள் என்று தாய்க்கும் பிள்ளைக்கும் தெரியும்.

பெருந்தேவி அம்மாள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். மகனைத் திட்டவும் அவளுக்குத் தெம்பு இல்லை. சௌரிராஜன் இலையை மூடிவிட்டு எழுந்து கை கழுவினான். சட்டையை மாட்டிக்கொண்டான். ஆணியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

“எங்கேடா?”

“மாம்பலத்துக்கு. அவ அப்பாகிட்ட மொதல்ல சொல்லணும். அவர் நம்மகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிருக்கார்.”

“அவ வரலைன்னா?”

அவன் செருப்பைத் தேடிக் காலில் மாட்டினான். வாசலில் இறங்கும்போதே எதிர்வீட்டில் ஒரு தலை தெரிந்தது, பக்கத்து வீட்டில் இன்னொன்று. முகம் எரிந்தது. ஸ்டேஷனுக்குப் போகிற வழியெல்லாம் அப்படித்தான் எரியும் என்று தெரிந்தே நடந்தான். உள்ளே அடுப்பு இன்னும் சீறிக்கொண்டிருந்தது. கூடுதலாக ஒரு பிடி அரிசி களைய யாரும் எழுந்திருக்கவில்லை.